கேஸ் தீர்ந்துபோகுமா? ஒரு கார் ஏ.சி. நடத்திய வெப்பப் பாடம்

சென்ற ஆண்டு ஏப்ரலில் என் காரின் ஏ.சி. சரியாகக் குளிரவில்லை. பத்து ஆண்டு ஓடிய, இரண்டாம் கையாக வாங்கிய சிறிய கார் அது. திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர் பள்ளிக்கு அதில்தான் வருகிறேன். காலையில் கிளம்பும்போது நன்றாகக் குளிரும். எம்.எஃப்.எல். சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றதும் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தது போலக் காற்று வரும். சந்திப்பைத் தாண்டிப் பொன்னேரி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் மறுபடியும் குளிரும்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். "கேஸ் இறங்கிடுச்சு டீச்சர்" என்றார். இருந்த கேஸை வெளியே விட்டுப் புதிதாக நிரப்பினார். மாலையில் ஓட்டிப் பார்த்தோம், குளிர்ந்தது. மூன்று வாரத்தில் பழைய கதை திரும்பியது. இன்னொரு கடைக்குப் போனேன். அங்கும் அதே பதில், அதே வைத்தியம், அதே செலவு.

இருபது ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். உள்ளுறை வெப்பத்துக்கு வரையறை சொல்லச் சொன்னால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் "கேஸ் எங்கே போனது?" என்ற கேள்வியை அந்த இரண்டு கடைகளிலும் நான் கேட்கவில்லை. அதைக் கேட்டவன் என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

அவன் பெயர் இங்கே வேண்டாம். திங்களும் வெள்ளியும் பெரும்பாலும் வர மாட்டான். சாத்தாங்காடு பக்கம் அவனுடைய மாமா வண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அப்பா லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்து, 'இவன் தேர்வு வரை வர மாட்டான்' என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலையில் ஒரு நாள் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். அவன் அருகில் வந்தான்.

"ஏ.சி. வேலை செய்யலையா டீச்சர்?"

"கேஸ் தீர்ந்துபோச்சுப்பா. இப்பதான் ரெண்டாவது முறை போட்டேன்."

"கேஸ் எப்படி டீச்சர் தீரும்? அது என்ன பெட்ரோலா? உள்ளேயே தானே சுத்துது. நிக்கும்போது மட்டும் சூடா வருதா?"

"ஆமாம்."

"முன்னாடி ஃபேன் சுத்துதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்போதே பார்த்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. போட்டிருந்தது, ஆனால் முன்பக்கத்தில் கண்டன்ஸருக்கென இருக்கும் மின்விசிறி அசையவே இல்லை.

அன்று மாலையே காரைச் சரிசெய்திருக்கலாம். நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் வகுப்பின் 'வெப்பம்' பாடத்துக்கும் பத்தாம் வகுப்பின் 'வெப்ப இயற்பியல்' பாடத்துக்கும் இதைவிட நல்ல துணைக்கருவி கிடைக்காது என்று தோன்றியது. நான்கு பாடவேளைகளில் செய்தவற்றைக் கீழே தருகிறேன். கார் இல்லாத பள்ளியிலும் முதல் இரண்டையும் நான்காவதையும் அப்படியே செய்யலாம்.

முதல் பாடவேளை: குளிரை யாரும் உற்பத்தி செய்வதில்லை

"ஏ.சி. என்ன செய்கிறது?" என்று கேட்டேன். "குளிர்ந்த காற்றை உண்டாக்குகிறது" என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். இதைத் தவறு என்று உடனே சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சொட்டுக் கிருமிநாசினித் திரவத்தைப் புறங்கையில் விட்டு ஊதச் சொன்னேன். சில்லென்றது. குளிர் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. திரவம் ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைத் தோலிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது. ஒரு கிராம் நீர் அதன் கொதிநிலையில் ஆவியாகச் சுமார் 2260 ஜூல் வெப்பம் வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால்தான்.

அடுத்து, "டீக்கடையில் அடுப்பு நெடுநேரம் எரியும்போது சிலிண்டரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். டீக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "கீழ்ப்பாதி ஜில்லுனு இருக்கும் மிஸ், வேர்த்து ஊத்தும்" என்றாள். உள்ளே திரவமாக இருக்கும் சமையல் எரிவாயு ஆவியாகும்போது, சிலிண்டரின் சுவரிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. கார் ஏ.சி.யின் பாதி அந்த வியர்த்த சிலிண்டர்தான்.

மறுபாதிக்கு ஒரு சைக்கிள் பம்பு போதும். வேகமாக இருபது முறை அடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொடச் சொன்னேன். சுட்டது. வாயுவை அழுத்தினால் சூடாகிறது.

இரண்டாம் பாடவேளை: நான்கு நிலையங்களும் வெப்பச் சீட்டும்

கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து நான்கு நிலையங்களைக் குறித்தேன்.

1. கூலிங் காயில்: டேஷ்போர்டின் உள்ளே இருப்பது. குறைந்த அழுத்தத்தில் வரும் திரவக் குளிரூட்டி இங்கே ஆவியாகி, காரின் உள்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது.
2. கம்ப்ரஸர்: இன்ஜினின் பெல்ட்டால் சுற்றுவது. அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது.
3. கண்டன்ஸர்: காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது. சூடான ஆவி இங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது.
4. எக்ஸ்பான்ஷன் வால்வு: நுண்ணிய துளை. திரவம் இதன் வழியே பாயும்போது அழுத்தமும் வெப்பநிலையும் சட்டெனக் குறைகின்றன.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழுந்தது. "வெளியே 38 டிகிரி வெயில் அடிக்குது. அந்தக் காத்து எப்படி கண்டன்ஸரைக் குளிர வைக்கும்?" கம்ப்ரஸர் எதற்கு என்பதற்கான விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆர்-134ஏ என்ற குளிரூட்டி சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கேஜ் சுமார் 30 பி.எஸ்.ஐ. காட்டும்போது அதன் கொதிநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், 200 பி.எஸ்.ஐ. காட்டும்போது 50 டிகிரிக்கு மேலே போய்விடும். 50 டிகிரிக்கு மேல் சூடான குழாயை 38 டிகிரிக் காற்று குளிர்விக்கும்தானே! வெப்பம் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே போகிறது. கம்ப்ரஸர் செய்வது அந்த மேட்டை உயர்த்துவதுதான்.

பிறகு விளையாட்டு. வகுப்பறைதான் காரின் உட்பகுதி, தாழ்வாரம்தான் வெளிக்காற்று. காகிதத் துண்டுகளில் 'வெப்பம்' என்று எழுதி உள்ளே இருப்பவர்களிடம் கொடுத்தேன். ஆறு பேர் குளிரூட்டி. உள்ளே வந்து ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கி, கம்ப்ரஸராக நின்றவளைத் தாண்டி, தாழ்வாரத்தில் விசிறியாக நின்ற இருவரிடம் கொடுத்துவிட்டு, வால்வாக வைத்த இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒவ்வொருவராக நுழைந்து திரும்ப வேண்டும். நன்றாக ஓடியது.

ஐந்தாவது நிமிடம் விசிறிகள் இருவரையும் கைகட்டி நிற்கச் சொன்னேன். சீட்டுகளை வாங்க ஆளில்லை. குளிரூட்டிகள் தாழ்வாரத்தில் தேங்கி நின்றார்கள். அடுத்த சுற்றுக்குக் கையில் சீட்டுடனே உள்ளே வந்ததால் புதிய சீட்டை வாங்க முடியவில்லை. "இப்போது இன்னும் இரண்டு பேரைக் குளிரூட்டியாகச் சேர்த்தால் சரியாகுமா?" என்று கேட்டேன். சேர்த்துப் பார்த்தோம். தாழ்வாரத்தில் நெரிசல்தான் கூடியது. விசிறி ஓடாத வண்டியில் கேஸை மேலும் மேலும் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும், குளிர்ச்சி வராது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கடைசி பெஞ்சுக்காரன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர் கார்ல ரெண்டு தபா இதான் நடந்துச்சு."

மூன்றாம் பாடவேளை: வண்டியைப் பார்த்தல்

காரை மர நிழலில், திறந்தவெளியில் நிறுத்தினேன். தொடங்கும் முன் விதிகள்: பானட்டைத் திறந்த பின் மாணவர்கள் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், விசிறி, பெல்ட் அருகே கை, துப்பட்டா, டை எதுவும் போகக் கூடாது, ஏ.சி. குழாயின் மூடியை யாரும் திறக்கக் கூடாது. திரவமாகப் பீறிடும் குளிரூட்டி தோலையும் கண்ணையும் உறைபனி போலப் புண்ணாக்கிவிடும். தொடுவதும் திறப்பதும் பெரியவர்கள் மட்டுமே.

ஆய்வக வெப்பநிலைமானியை ஏ.சி. காற்று வரும் துளையில் செருகி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து அளவெடுத்தோம். நிறுத்திய நிலையில் பத்து நிமிடம் ஓடிய பின் 25 டிகிரி. ஒரு சக ஆசிரியர் வெப்பநிலைமானியுடன் அருகில் அமர, நான் பொன்னேரி நெடுஞ்சாலையில் ஓட்டிவந்தபோது 12 டிகிரி. மீண்டும் நிறுத்தினோம், 24-க்கு ஏறியது. இப்போது முகப்புக் கிரில் வழியாகக் கண்டன்ஸர் மேல் ஒரு வாளித் தண்ணீரைப் பூவாளியால் தெளித்தேன். இரண்டே நிமிடத்தில் 15-க்கு இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்கிறது. தண்ணீர் தெளித்தபோது ஆவியாதல் அந்த வேலையைச் செய்தது. வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆள் வந்ததும் குளிர்ச்சி வந்துவிட்டது. ஆகவே கேஸ் போதுமான அளவு இருக்கிறது, கம்ப்ரஸர் வேலை செய்கிறது, குற்றவாளி விசிறிதான். முன்பு கேஸ் நிரப்பிய நாட்களில் குளிர்ந்தது ஏன் என்பதும் விளங்கியது: இரண்டு முறையும் மாலை நேரத்தில், ஓட்டிப் பார்த்துத்தான் சோதித்தோம். நிற்க வைத்துச் சோதிக்கவே இல்லை.

விசிறிக்குப் போகும் மின் இணைப்பைக் கழற்றிப் பார்த்த மாமா, செம்பு முனையில் பச்சை பூத்திருப்பதைக் காட்டினார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முன் சக்கரம் மூழ்க நின்ற வண்டி அது. போதாததற்குக் கடற்காற்று வேறு. உலோக அரிமானம் பாடத்துக்கும் ஒரு மாதிரி கிடைத்தது. முனையைச் சுத்தம் செய்து இணைப்பானை மாற்றியதும் விசிறி சுற்றியது. கண்டன்ஸர் துடுப்புகளில் லாரிப் புழுதி அப்பியிருந்தது. அதையும் மெல்லிய நீர்வீச்சில் கழுவினார். இரண்டு முறை கேஸுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

பழுது பார்க்கும் வரிசையை மாணவர்களே குறிப்பேட்டில் எழுதினார்கள். ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் திருத்தித் தருகிறேன்.

• காற்றே குறைவாக வருகிறதா? முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பிறகு ப்ளோயர். நெடுநேரம் ஓடிய பின் காற்று குறைந்து, ஏ.சி.யைச் சிறிது நேரம் நிறுத்தினால் சரியாகிறதென்றால் கூலிங் காயிலில் பனி உறைந்திருக்கலாம்.

• காற்று வேகமாக வருகிறது, ஆனால் எப்போதும் சூடா? ஏ.சி. பொத்தானை அழுத்தும்போது கம்ப்ரஸர் கிளட்ச் 'டிக்' என்று ஒட்டுகிறதா என்று கேளுங்கள். ஒட்டவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மின் இணைப்பு. கேஸ் மிகக் குறைந்தாலும் அழுத்த சுவிட்ச் கிளட்ச்சை ஒட்ட விடாது.

• ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடா? கண்டன்ஸர் விசிறி அல்லது கண்டன்ஸரில் அப்பிய அழுக்கு.

• ஓடினாலும் நின்றாலும் குளிர்ச்சி குறைவு, கிளட்ச் அடிக்கடி ஒட்டி ஒட்டி விடுகிறதா? கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். அப்போதும் முதல் வேலை கசிவைத் தேடுவது. இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நுரையில் குமிழி ஆகியவை அடையாளம். கசிவை அடைத்து, வேக்குவம் செய்து ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றிய பிறகே, வண்டிக்குக் குறிப்பிட்ட எடை அளவில் நிரப்ப வேண்டும்.

• கம்ப்ரஸர் குழாய் சில்லென்று இருந்தும் உள்ளே சூடான காற்று வருகிறதா? டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் பக்கத் தடுப்பு மூடாமல் சிக்கியிருக்கலாம்.

வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து ஒருத்தி பயந்தாள். அது பழுதல்ல, நலமாக இருப்பதன் அடையாளம். சென்னையின் ஈரக்காற்று கூலிங் காயிலில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. காருக்குள் காலடியில் சொட்டினால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

நான்காம் பாடவேளை: வெளியே விட்ட கேஸ் எங்கே போனது?

கேஸ் எரிபொருளல்ல, சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் குழாய்கள், கம்ப்ரஸர் சீல் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிது கசியலாம். மூன்று வாரத்தில் 'தீர்ந்தது' என்றால் அது கசிவு, அல்லது என் காரைப் போலத் தவறான கணிப்பு.

பழைய கார்களில் இருந்தது ஆர்-12 என்ற குளோரோஃபுளோரோகார்பன். இத்தகைய வாயுக்களின் குளோரின் ஓசோனைச் சிதைக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பது வெளியானது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. செப்டம்பர் 16-ஐ ஓசோன் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான். இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் அது வலிமையான பசுமை இல்ல வாயு. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். இதைப் போன்ற வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் திருத்தம் உருவானது. 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது.

கணக்குப் போட்டோம். சிறிய காரில் சுமார் அரைக் கிலோ கேஸ் இருக்கும் என்று வைத்தால், அது 715 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். அப்படியானால் அது ஏறக்குறைய 310 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 4,650 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்வரும் தூரத்தைவிட அதிகம். கடையில் ஒரு நிமிடத்தில் காற்றில் விட்டது இவ்வளவு! முறையான பணிமனையில் பழைய கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி மீட்டெடுப்பார்கள். இனி அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நானும் கற்றுக்கொண்டேன்.

அம்மோனியாவைப் பற்றியும் பேசினோம். அதன் கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. ஓசோனையும் கெடுக்காது, புவியையும் சூடாக்காது. பெரிய ஐஸ் ஆலைகளில் இன்றும் அதுதான் குளிரூட்டி. "அப்ப கார்ல ஏன் அதைப் போடல?" என்று ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது வீட்டைவிட்டு ஓடிய உறவினர்கள் என் வகுப்பில் பலருக்கு உண்டு. பதிலை அவர்களே சொன்னார்கள். எல்லாக் குணமும் நல்லதாக உள்ள வாயு என்று ஒன்று இல்லை. எதை எங்கே வைப்பது, யார் காவல் என்பதும் அறிவியலே.

நான் திருத்திக்கொண்டவை

இந்தப் பாடத்தில் குறைகளும் உண்டு. கார் அருகே மாணவியரை முதல் வரிசைக்கு அழைக்க மறந்தேன். பாதி நேரம் கழித்தே நினைவு வந்தது. 'மேடு பள்ளம்' உவமையால் சிலர் வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றே என்று எழுதினார்கள். மறுபடி நடத்த வேண்டியிருந்தது.

பெரிய திருத்தம் வேறு. கடைசி பெஞ்சுக்காரனுக்குப் பழுது பார்க்கத் தெரியும். 'உள்ளுறை வெப்பம்' என்ற சொல் தெரியாது. எனக்குச் சொல் தெரியும். விசிறியைப் பார்க்கத் தெரியாது. அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் மாமாவிடமும் பேசினேன். ஐ.டி.ஐ.யில் குளிர்பதன, ஏ.சி. டெக்னீஷியன் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு, அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அந்த பேப்பர் இல்லாமதான் கம்பெனி சர்வீஸ்ல எடுக்கல டீச்சர். பள்ளிக்கூட நாள்ல இவன் கடைக்கு வரமாட்டான்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு திங்கட்கிழமைகள் வரவில்லை. மூன்றாவது திங்களன்று வந்தான். இப்போது பெரும்பாலும் வருகிறான். கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். காலாண்டில் வெப்ப இயற்பியலில் எடுத்த மதிப்பெண்ணைப் பிற பாடங்களில் எடுக்கவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. மாலையில் அரை மணி நேரம் அவனுடன் உட்காருகிறேன். தினமும் ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

உங்கள் வகுப்பிலும் வராத பிள்ளை ஒருவர் இருப்பார். அவர் வராத நாட்களில் எங்கே இருக்கிறார், அங்கே என்ன செய்கிறார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். உங்கள் அடுத்த பாடத்தின் துணைக்கருவி அங்கே இருக்கலாம்.